இனிப்பு வேறு, சர்க்கரை வேறு



சர்க்கரை வியாதி வந்த வீடுகளிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் முன்பெல்லாம், "பாகற்காயைக் கசப்பில்லாமல் சமைப்பது எப்படி?" என்று கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "மாங்க் ஃப்ரூட் பவுடர் என்று ஒன்று வருகிறதாமே, அதைப் போட்டு அவருக்குப் பாயசம் கொடுக்கலாமா?" என்கிறார் ஒருவர். "குழந்தைக்குப் பாலில் சர்க்கரைக்குப் பதில் இதைக் கலக்கலாமா?" என்று இன்னொருவர். "ஒரே ஒரு சிட்டிகைதான் போட்டேன். காபி திகட்டிவிட்டது. எவ்வளவுதான் போடுவது, சொல்லித் தொலையுங்களேன்!" என்று உரிமையோடு கோபித்துக்கொள்கிறார் வேறொரு சகோதரி. எங்கள் தெருவிலேயே ஒருத்தி, "குரங்கு தின்கிற பழமா அக்கா? மங்கி ஃப்ரூட்னு சொல்றாங்களே?" என்று கேட்டாள்!

குரங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாங்க் என்றால் துறவி. துறவிகளின் பழம் என்று பொருள். எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, இந்த இதழில் இதைப் பற்றியே விவரமாகப் பேசிவிடலாம்.

பாகற்காயின் பங்காளி

இந்தப் பழம் பிறந்து வளர்ந்த இடம் தென் சீனா. குவாங்ஷி என்ற பகுதியில் குய்லின் நகரத்தைச் சுற்றியுள்ள மலைச் சரிவுகளில், முக்கியமாக யோங்ஃபு வட்டாரத்தில் பயிராகிறது. சீனர்கள் இதை 'லோ ஹான் குவோ' என்கிறார்கள். 'குவோ' என்றால் பழம். 'லோ ஹான்' என்பது பௌத்தத்தில் ஞானம் பெற்ற துறவியைக் குறிக்கும் சொல். வடமொழி 'அர்ஹத்'தான் சீனம் போய் 'லோ ஹான்' ஆயிற்று. நம் தமிழில் 'அருகன்' என்று வருகிறதே, அதுவும் இதற்கு உறவு. அந்த மலைப் பகுதியில் இதை முதலில் வளர்த்தவர்கள் பௌத்தத் துறவிகள் என்று சொல்வது வழக்கம்.

செடி என்ன தெரியுமோ? சாட்சாத் நம் பூசணி, புடலை, பீர்க்கை வகையைச் சேர்ந்த கொடி. 1941-ம் ஆண்டு ஸ்விங்கிள் என்ற அமெரிக்கத் தாவர நிபுணர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது 'மொமார்டிகா' என்ற இனத்தில்தான் சேர்த்தார். மொமார்டிகா யார்? நம் பாகற்காயேதான்! பின்னால் வந்தவர்கள் ஆராய்ந்து, 'சிரைட்டியா' என்ற வேறு இனத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் குடும்பம் ஒன்றுதான். கசப்புக்குப் பேர்போன வீட்டில் தித்திப்புக்குப் பேர்போன ஒரு பிள்ளை!

நம் கோவைக்காய்க் கொடியைப் போல இதிலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. தோட்டக்காரர்கள் ஒவ்வொரு பூவாகக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். பறித்த பழம் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் காய வைத்துத்தான் ஊருக்கு அனுப்புவார்கள். காய்ந்த பழம் பழுப்பு நிறத்தில், உருண்டையாக, கையில் எடுத்தால் காற்றாக லேசாக இருக்கும். மேல் ஓடு முட்டை ஓடு போல மெல்லிசு. சிங்கப்பூர், மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அங்கே சீன மருந்துக் கடைகளில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். உடைத்துத் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்தால், கஷாய நிறத்தில் தித்திப்பான பானம் கிடைக்கும். இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் அங்குள்ள பாட்டிமார்கள் போட்டுக் கொடுப்பது இதுதான். நாம் சுக்கும் அதிமதுரமும் தட்டிப் போடுவதில்லையா, அது மாதிரி.

நம் நாட்டிலும் இதை வளர்த்துப் பார்க்கிறார்கள். இமாசலப் பிரதேசத்தில் பாலம்பூரில் உள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையம் 2018-ல் சீனாவிலிருந்து விதை வரவழைத்து, நாற்று வளர்த்து, 2021-ல் குலு பக்கம் ராய்சன் என்ற கிராமத்தில் நட்டுப் பார்த்தது.

பவுடர் எப்படி வருகிறது?

பழத்தின் தித்திப்புக்குக் காரணம் 'மொக்ரோசைடு' என்ற பொருள். இது சர்க்கரை இனமே அல்ல. நாக்கில் பட்டால் தித்திக்கும். வயிற்றுக்குள் போனால் சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்காது. ஜீரணமாகாமல் பெருங்குடல் வரை போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் உடைபடும். அதனால்தான் 'கலோரி இல்லை' என்கிறார்கள்.

தொழிற்சாலையில் பழத்தை நசுக்கி, வெந்நீரில் சாறெடுத்து, வடிகட்டி, அதிலிருந்து இந்த மொக்ரோசைடை மட்டும் பிரித்து, உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். பழத்தில் இயற்கையாக இருக்கும் கொஞ்சம் சர்க்கரையும் அப்போது விலகிப் போய்விடும். மிஞ்சுவது செறிவான சாறு. அதன் தித்திப்பு சர்க்கரையைப்போல் 100 மடங்கிலிருந்து 250 மடங்கு வரை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-ல் இதை உணவில் சேர்க்க ஆட்சேபணை இல்லை என்று சொன்ன பிறகுதான் உலகமெங்கும் பரவியது.

கடையில் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். டப்பாவின் முன்பக்கம் பார்த்து மயங்காதீர்கள். திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். உள்ளே இருக்கும் பொருள்களை, எது அதிகமோ அதை முதலில் போட்டு வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். பெரிய எழுத்தில் 'மாங்க் ஃப்ரூட்' என்று போட்ட பல டப்பாக்களில் முதல் பெயர் 'எரித்ரிட்டால்' என்று இருக்கும். மாங்க் ஃப்ரூட் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதாவது ஸ்பூனுக்கு ஸ்பூன் சர்க்கரை அளவு போடுவதற்காக, எரித்ரிட்டால் என்ற இன்னொரு பொருளை மூட்டையாகச் சேர்த்து, மாங்க் ஃப்ரூட்டைத் தூவி விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எரித்ரிட்டால் சர்க்கரையை ஏற்றாதுதான். ஆனால் அதிகம் போனால் சிலருக்கு வயிறு உப்பும், பேதியாகும். 2023-ல் அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயம் சொன்னார்கள். ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தது என்று. அதைச் சாப்பிட்டதால்தான் வந்தது என்று அது நிரூபிக்கவில்லை. நம் உடம்பே கொஞ்சம் எரித்ரிட்டாலை உண்டாக்குகிறது. ஆனாலும் 30 கிராம் சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களுக்கு, ரத்தத்தில் அதன் அளவு 2 நாளுக்கு மேல் இறங்கவில்லை என்றும் கண்டார்கள். இதய நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் இந்தக் கலவையை டப்பா டப்பாவாக வாங்காதீர்கள்.

சில பொட்டலங்களில் 'மால்டோடெக்ஸ்ட்ரின்', 'டெக்ஸ்ட்ரோஸ்' என்ற பெயர்கள் இருக்கும். இவை இரண்டும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறவை. சர்க்கரை வேண்டாம் என்று ஓடிப்போய் அதன் தம்பியை அழைத்து வந்த கதைதான்!

எவ்வளவு போடுவது?

கலப்பில்லாத தூய சாறு என்றால், அளவுதான் பெரிய தலைவலி. சர்க்கரையைப்போல் 200 மடங்கு தித்திப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 5 கிராம். அதற்கு ஈடாக வேண்டியது 25 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் தூசி மாதிரி. அதை எந்த ஸ்பூனால் அளப்பது? அதனால்தான் கோபித்துக்கொண்ட சகோதரியின் காபி திகட்டியது.

நான் செய்யும் வழி இது. பொடியாகப் போடாமல், கரைசலாகச் செய்து வைத்துக்கொள்வேன். 10 கிராம் பொட்டலம் வாங்கினேன். தராசு கிடையாது. நாட்டு வைத்தியர் சூரணம் பங்கு பிரிப்பாரே, அப்படி ஒரு சுத்தமான வழவழப்பான காகிதத்தில் பொடியைக் கொட்டி, நீளமாகப் பரப்பி, கத்தி முனையால் சரிபாதியாகப் பிரித்தேன். அதில் பாதியை மறுபடி பாதி. அதையும் பாதி. இப்படி மொத்தம் 8 பங்கு. ஒரு பங்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிராம். ஒரு பங்கை, கொதித்து ஆறிய 125 மில்லி தண்ணீரில் கரைத்து, சுத்தமான சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்தேன். மீதி 7 பங்கும் ஈரம் படாமல் மடித்துக் கட்டி டப்பாவுக்குள்.

இந்தக் கரைசலில் அரை டீஸ்பூன், ஒரு டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். ஒரு டம்ளர் காபிக்கு அரை டீஸ்பூனே அதிகம் என்று தோன்றும், கால் டீஸ்பூனில் ஆரம்பியுங்கள். புட்டியை ஃபிரிஜ்ஜில் வையுங்கள், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சர்க்கரையைப்போல் இது தானாகக் கெடாமல் காக்காது. புட்டியின் மேல் பெயரும் கரைத்த தேதியும் எழுதி ஒட்டுவது அவசியம். உங்கள் டப்பாவில் 100 மடங்கு என்று போட்டிருந்தால், அதே பொடிக்குப் பாதித் தண்ணீர்.

ருசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை நாக்கில் பட்டதும் தித்தித்து உடனே விலகிவிடும். இது கொஞ்சம் தாமதமாக வந்து, போக மனமில்லாத விருந்தாளி போல நிற்கும். அதிமதுரத்தை மென்றால் வருமே, அந்த மாதிரி ஒரு பின்ருசி. ஏலக்காய், சுக்கு, எலுமிச்சை இருந்தால் அது தெரியாது. பானகத்திலும், எலுமிச்சை ஜூஸிலும், கெட்டி டிகாக்ஷன் காபியிலும் நன்றாகவே பொருந்துகிறது. வெறும் பாலில் போட்டால் பின்ருசி எட்டிப் பார்க்கும். சமையல் சூட்டில் இதன் தித்திப்பு குறையாது. ஆகவே அடுப்பில் இருக்கும்போதே போடலாம்.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?

இங்கேதான் சகோதரிகளே, நான் இந்தப் பக்கத்துக்கு வைத்த தலைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இனிப்பு வேறு, சர்க்கரை வேறு. சர்க்கரை தித்திப்பு மட்டும் தருவதில்லை. அது பாகாகும், கம்பிப் பதம் வரும், இறுகும், பொன்னிறமாகச் சிவக்கும், கெடாமல் காக்கும். துறவிப் பழச் சாறுக்கு இதில் ஒன்றும் தெரியாது. தித்திக்க மட்டும் தெரியும்.

ஆகவே மைசூர்பாகுக்கு இது ஆகாது. ஜாங்கிரி, பூந்தி லட்டு, தேங்காய் பர்பி எதற்கும் ஆகாது. நெல்லிக்காயைப் பாகில் ஊறப் போட்டால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே, அது பாகின் தயவு. இந்தக் கரைசலில் போட்டால் நாலு நாளில் பூசணம் பிடிக்கும். கேக்கில் போட்டால் சிவக்காது, எழும்பாது. காபி, டீ, ஜூஸ், லஸ்ஸி, கஞ்சி, பாயசம் இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாயசம் என்றதும், "அப்படின்னா அவருக்கு ரெண்டு கப் கொடுக்கலாமா?" என்று கேட்கத்தான் போகிறீர்கள். ஒரு சிநேகிதி வீட்டில் இதே விஷயம் நடந்தது. "சர்க்கரையே போடலீங்க, தைரியமா சாப்பிடுங்க" என்று கணவருக்கு மூன்று கப் சேமியா பாயசம் ஊற்றிக் கொடுத்தாள். சாயந்தரம் பரிசோதித்தால் சர்க்கரை எக்கச்சக்கம்! "பவுடர் பொய்!" என்று அவளுக்கு ஆத்திரம். பவுடர் பேரில் என்ன தப்பு? சேமியா என்ன, காற்றா? அரிசி, சேமியா, ஜவ்வரிசி எல்லாமே வயிற்றில் சர்க்கரையாகத்தான் மாறும். பாலிலும் பால் சர்க்கரை இருக்கிறது. பவுடர் நீக்கியது நீங்கள் ஸ்பூனால் போடும் சர்க்கரையை மட்டும்தான். அரை கப், அதுவும் அன்றைக்குச் சாதத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு என்றால் சரி. கப்பின் கணக்கு மாறவே மாறாது.

வெல்லம், கருப்பட்டி, தேன் போட்டால் பரவாயில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. ருசியும் மணமும் தனிதான். ஆனால் ரத்தத்தைப் பொறுத்தவரை அவையும் சர்க்கரையே.

சர்க்கரை டப்பாவை ஒழித்துவிடாதீர்கள்

இப்போது முக்கியமான விஷயம். மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

எங்கள் எதிர் வீட்டுப் பெரியவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். மருமகள் கெட்டிக்காரி, மாமனார் மேல் உயிரையே வைத்திருப்பவள். மாங்க் ஃப்ரூட் வந்த நாளிலிருந்து வீட்டில் சர்க்கரை, வெல்லம், தேன் ஒன்றும் வைப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும், வாசலில் நின்று கத்தினாள். "அக்கா, சீக்கிரம் வாங்க! மாமாவுக்கு என்னமோ பண்ணுது!"

போய்ப் பார்த்தால், மனிதர் உடம்பெல்லாம் வியர்த்து நனைந்திருக்கிறார். கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, பாங்கிக்குப் போய், க்யூவில் நின்று, பலகாரம் சாப்பிடாமல் திரும்பியிருக்கிறார். இது சர்க்கரை ஏறியதல்ல, இறங்கியது. "லோ சுகர்னு எனக்கும் தெரிஞ்சுதுக்கா. ரெண்டு டம்ளர் ஜூஸ் கொடுத்துட்டேன். நல்லா தித்திப்பாத்தான் போட்டேன். இன்னும் தெளியலையே!" என்று அழுகிறாள். மேஜை மேல் எலுமிச்சை ஜூஸ் டம்ளர். பக்கத்தில் அந்தப் புட்டி.

அது எத்தனை தித்திப்பாக இருந்து என்ன? அதில் ரத்தத்துக்குப் போய்ச் சேர ஒரு பொட்டு சர்க்கரை இல்லையே! என் வீட்டுக்கு ஓடிப்போய், அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் நிஜச் சர்க்கரையைக் கலக்கிக் கொண்டுவந்தேன். நல்ல வேளையாக அவருக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. கால் மணி நேரத்தில் வியர்வை அடங்கி, "ஏம்மா அழறே?" என்று மருமகளைக் கேட்டார். அப்புறம் இட்லி கொடுத்து, டாக்டருக்கும் போன் செய்தோம்.

ஆகவே இன்சுலின் போடுபவரோ, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவரோ வீட்டில் இருந்தால், எல்லாருக்கும் தெரிந்த ஒரு இடத்தில் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ கட்டாயம் இருக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் கண்டால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிஷம் கழித்துப் பரிசோதித்து, ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே ஆஸ்பத்திரிதான்.

குழந்தை பெற்ற சகோதரிகளுக்கு

இதே பாடம் இன்னொரு ரூபத்தில் உங்களுக்கும் இருக்கிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கிறோம். சர்க்கரை அதில் ருசிக்காகச் சேர்ப்பதல்ல. குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போதுதான் உப்பைக் கைபிடித்து அழைத்துப் போகிறது. உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. 1971-ல் வங்காள தேச யுத்தத்தின்போது, எல்லையில் பங்காவ் அகதி முகாமில் காலராவால் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்ற மருந்துத் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸும் உப்பும் கலந்த தண்ணீரை வாய் வழியாகவே கொடுக்கச் செய்து, ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். அப்படிப்பட்ட மருந்து இது!

கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது. கைவசம் இல்லை என்றால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த இடத்தில் மாங்க் ஃப்ரூட் போட்டால் தித்திப்பான உப்புத் தண்ணீர்தான் கிடைக்கும், குழந்தைக்கு ஓடிப்போன நீர் திரும்ப வராது. சர்க்கரைதான் போட வேண்டும்.

மற்றபடி, பாலில் கலக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம் அம்மா. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது முடியும் வரை குழந்தைக்குச் சர்க்கரையும் கூடாது, சர்க்கரைக்குப் பதிலான இனிப்புகளும் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. பிறந்த குழந்தைக்குப் பால் தித்திக்கவில்லை என்று யார் சொன்னது? தித்திப்பு வேண்டும் என்பது நம் நாக்கு. அதை நாம்தான் குழந்தை நாக்குக்கு ஒட்டவைக்கிறோம். வாழைப்பழம் மசித்துக் கொடுங்கள், போதும். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் டாக்டரைக் கேட்டபின் உபயோகிப்பது நல்லது.

அப்படியானால் இது எதற்கு?

இவ்வளவு சொன்னதும், "பின்னே எதுக்குத்தான் வாங்கணும்?" என்று புட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் வந்த பெரிய கணக்கெடுப்பு சொன்னது. அவர்களில் எத்தனையோ பேர், வாழ்நாளெல்லாம் ருசித்த காபியைத் திடீரென்று வெறுமையாகக் குடிக்க முடியாமல் தவிக்கிறவர்கள். ஒரு நாளைக்கு இரண்டு காபி, காபிக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் 20 கிராம் சர்க்கரை. மாதத்துக்கு 600 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, காபியிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த 20 கிராமை இந்தப் புட்டி மிச்சம் பிடித்துக் கொடுத்தால் அது நல்ல உதவிதானே?

ஆனால் வியாதி இல்லாதவர்கள், உடம்பு இளைப்பதற்காக இதை நம்பி இறங்க வேண்டாம். சர்க்கரைக்குப் பதிலான இனிப்புகளை எடை குறைப்பதற்காகச் சாப்பிட வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023-ல் ஆலோசனை சொன்னது. நெடுநாள் பார்த்ததில் உடம்பு இளைக்கவில்லை என்பதுதான் காரணம். ஏற்கனவே சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு அந்த ஆலோசனை பொருந்தாது என்றும் அதில் இருக்கிறது.

எங்கள் எதிர் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. காபிக்கு அரை டீஸ்பூன் கரைசலில் ஆரம்பித்து, மாதம் ஒரு தரம் இரண்டிரண்டு சொட்டாகக் குறைத்து வருகிறாள் மருமகள். பெரியவருக்குத் தெரியாது. "காபி நல்லாயிருக்கும்மா" என்றே குடிக்கிறார். நாக்கு பழகிவிட்டது. ஒரு நாள் புட்டியே தேவைப்படாமல் போகலாம். துறவியின் பேர் வைத்த பழத்துக்கு அதைவிடப் பெருமை ஏது?

கடைசியாக ஒரு சின்ன வேலை. இதைப் படித்த கையோடு எழுந்து போய், உங்கள் வீட்டு அலமாரியில் கால் கிலோ சர்க்கரையும் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவின் மேல் 'அவசரத்துக்கு' என்று எழுதி ஒட்டுங்கள். வீட்டில் உள்ள எல்லாரையும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்பட, கூப்பிட்டு அது எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.

மறுபடி அடுத்த இதழில். கடிதம் எழுதுங்கள்.